இடிந்த கரையும் மீன்கொத்திப் பொந்தும்: தம்பலகாமத்து ஓடையில் ஒரு திருத்த வேலை

எங்கள் வயல் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையின் (வயல் தொகுதியின்) கடைக்கோடியில் இருக்கிறது. குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் அந்தக் குளத்தின் நீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, வயல்களில் நின்று வடிந்து, கடைசியில் எங்கள் எல்லையோடு போகும் ஓடையில் விழுகிறது. அங்கிருந்து தம்பலகாமம் குடாவுக்கு. சிறுபோகம் என்னும் கோடைப் பயிர்க் காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரோடு அடங்கிக் கிடக்கும் ஓடை, மாரியில் ஆறாகிவிடும். திருகோணமலைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நாலு மாதம் தாக்குப்பிடிக்கிற கரைதான் கரை.

2024 ஜனவரியில் ஓடை வளையும் இடத்தில் 18 மீற்றர் நீளத்துக்குக் கரை சரிந்து விழுந்தது. வரம்பும், வரம்போரம் அப்பா வைத்த இரண்டு தென்னையும் அதோடு போயின. அதைத் திருத்திய வேலையை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். எங்கள் வட்டையில் மட்டும் இப்படி இடிந்த வளைவு நாலைந்து இருக்கிறது. வேறு ஊர்களிலும் இருக்கும்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். கரை அதற்கு முந்திய வருடமே வெடிப்பு விட்டிருந்தது. 2023 செப்டெம்பரில் 140 உரப்பைகளில் மணல் நிரப்பி, கரைக்கு முட்டுக்கொடுத்துச் சுவர் மாதிரி அடுக்கினேன். மணலை எங்கிருந்து எடுத்தேன்? அந்த வளைவின் அடியிலிருந்தே. கிட்டே இருந்தது, சும்மா கிடைத்தது. கரையின் கால் நிற்கிற இடத்தை நானே ஆழமாக்கிவிட்டு, மேலே மூட்டை அடுக்கியிருக்கிறேன். சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "காலை வெட்டிப்போட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கிற வேலை இது" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஜனவரியில் அதே வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

கரை விழுந்த நேரம்தான் எனக்குப் பெரிய பாடம். வெள்ளம் கரை முட்ட நின்ற மூன்று நாளும் அது அசையவில்லை. தண்ணீர் வடிந்து, வெயில் எறித்து, இனிப் பயமில்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நாலாம் நாள் விடியற்காலையில் விழுந்தது. காரணம் யோசித்தால் தெளிவு. வெள்ளம் நிற்கும்போது கரைமண் ஊறிக் கனத்துப்போகிறது, ஆனால் வெளியே நிற்கும் தண்ணீர் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஓடை சட்டென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் நீரோ இன்னும் வடியவில்லை, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அடியையும் ஏற்கனவே நீர் அரித்திருந்தால் அவ்வளவுதான். என் மணல் மூட்டைச் சுவர் உள்நீர் வடிய வழியையும் அடைத்துவிட்டது. போதாக்குறைக்கு உரப்பைகள் நாலு மாத வெயிலிலேயே நைந்து கிழிந்திருந்தன. பிய்ந்த பிளாஸ்ரிக் நார்களைப் புல்லிலிருந்தும் தாழையிலிருந்தும் பொறுக்கி எடுக்க எனக்குப் பல நாள் பிடித்தது. அதை நான் ஓடைக்குள் போட்டேன் என்பது இன்னும் மனதைக் குத்துகிறது.

பெப்ரவரி, மார்ச் 2024

உடனே எதையும் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, மூன்று மீற்றருக்கு ஒன்றாக ஏழு முளை அடித்தேன். முளையிலிருந்து விளிம்பு வரை நூல் பிடித்து வாரம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதினேன். மனதுக்கு எல்லாமே கரைவது போலத் தோன்றும். நூல் உண்மையைச் சொல்லும். ஏழில் இரண்டு முளைகளில்தான் கரை இன்னும் விழுந்துகொண்டிருந்தது, வளைவின் நடுவைத் தாண்டிச் சற்றுக் கீழே.

புதிதாக விழுந்த முகம் வெட்டிய கேக் மாதிரி மண்ணின் அடுக்குகளைக் காட்டியது. மேலே ஒரு அடி உழவு மண். அதன் கீழ் மஞ்சள் கலந்த களி. இடுப்பளவில் ஒரு சாண் தடிப்பில் மணல் நரம்பு. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி. மணல் நரம்பில் கையை வைத்தால் ஈரம் கசிந்தது. முதலில் வெளியேறுவது அந்த மணல். பிறகு மேலே உள்ள களி அந்தரத்தில் தொங்கி, ஒரு நாள் பலகை பலகையாக விழுகிறது.

பிறகு ஓடையோடு மேலேயும் கீழேயும் நடந்தேன். எங்கே கரை நிற்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மேலே கொஞ்சத் தூரத்தில் எங்களுடையதைவிடக் கூர்மையான வளைவு ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரிய மருது. பட்டை சாம்பல் வெள்ளையாக, உரிந்து வழுவழுப்பாக இருக்கும். அதன் வேர்கள் கரையில் இறங்கி, தண்ணீர் மட்டத்தில் தடித்த கயிறுகளாகப் பிரிந்து, இன்னும் கீழே செம்பட்டைத் தலைமயிர் மாதிரிச் சிறுவேர்ப் பாயாக அலைகின்றன. முழங்கால் தண்ணீரில் நின்று அந்த வேர்ப்பாய்க்குள் கையை விட்டேன். சிறு இறால்கள் விரலில் மோதி ஓடின. விரால் குஞ்சுக் கூட்டம் ஒன்று சிவப்புப் புகை மாதிரிக் கலைந்து மறுபடி சேர்ந்தது. அந்த இடத்தில் ஓடை வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் வேருக்குள் தண்ணீர் நின்று மூச்சு வாங்குகிறது. எனக்கு வேண்டியது சுவர் இல்லை, இப்படி ஒரு விளிம்பு என்று அன்றுதான் பிடிபட்டது.

மருதின் காய்க்கு நீளவாட்டில் ஐந்து சிறகு இருக்கும். உலர்ந்த காய் மிதக்கும், தண்ணீரே விதைக்கும். மரத்தடியிலும் ஓடையின் ஒதுக்கங்களிலும் இருநூறு காய் பொறுக்கி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலும் எருவும் கலந்த பைகளில் போட்டேன். முளைத்தது 63. பழைய ஆட்கள் மருதம் பட்டையை எரித்த சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் போட்டார்கள் என்று அம்மம்மா சொல்வார். கிணற்றடியில் மருது நின்றால் தண்ணீர் தெளியும் என்ற நம்பிக்கையும் எங்கள் பக்கத்தில் உண்டு.

கீழ்ப்பக்கம் நடக்க நடக்கக் காட்சி மாறும். குடாவை நெருங்க உப்பு ஏறுகிறது. மருதும் அத்தியும் புங்கும் நின்றுவிட்டு, உவர்நீர்க் கண்டல் மரங்களான தில்லையும் கண்ணாவும் தொடங்கும். தில்லையை வெட்டக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். கிண்ணை மரமும் அந்த நீருக்கு உரியதுதான், அதன் பூ இரவில் விரிந்து வௌவாலுக்குத் தேன் கொடுக்கும். பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எங்கள் வளைவு இந்த இரண்டு நிலத்துக்கும் இடையில், நன்னீர்ப் பக்கம். கடும் வரட்சியில் மட்டும் இலேசாக உவர்க்கும். அதனால் உவரையும் கொஞ்சம் தாங்குகிற பூவரசைக் கதியாலுக்கு, அதாவது நட்டால் வேர்விடும் வேலிக் கம்புக்கு, தெரிந்தெடுத்தேன். இப்பில் இப்பில் மரக்கம்பு தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேகமாக வளரும்தான். ஆனால் அதன் விதை ஓடையோடு போய் ஊரெல்லாம் முளைக்கும். வேண்டாம் என்றேன்.

வெட்டிவேர் உறவினர் ஒருவரின் கிணற்றடியில் தூர் தூராக நின்றது. அதைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரைச் சுட்டுவிரல் நீளத்துக்குக் கத்தரித்து, மார்ச் மாதமே 300 பைகளில் வைத்தேன். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும், மூன்று நாலு மீற்றர் கூடப் போகும். நட்ட இடத்தை விட்டுக் காடாகப் பரவவும் மாட்டாது. வயலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான புல்லை நான் அறியேன்.

ஜூன் 2024

கரையைச் சரிவாக வெட்டுவதற்கு அடையாளம் போடப் போன அன்றுதான் வேலையின் திட்டமே மாறியது. இடிந்த 18 மீற்றரின் மேல்முனையில், செங்குத்தாக நின்ற முகத்தில், விளிம்பிலிருந்து முக்கால் மீற்றர் கீழே ஒரு பொந்து. எலி வளை என்று நினைத்து அலவாங்கை (கடப்பாரையை) வைக்கப் போனேன். அப்போது என் தலைக்கு மேலால் ஒரு நீலக் கோடு கத்திக்கொண்டு போனது.

அடுத்த நாள் காலை எதிர்க்கரையில் புல்லுக்குள் படுத்துக்கொண்டு பார்த்தேன். வெண்மார்பு மீன்கொத்தி. மண்ணிறத் தலை, சிவந்த தடித்த அலகு, நெஞ்சில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை. அலகில் ஒரு வயல் நண்டு. அதைக் கதியாலில் நாலு தரம் அடித்துக் காலை உதிர்த்துவிட்டுப் பொந்துக்குள் நுழைந்தது. பெயரில்தான் மீன் இருக்கிறது. நான் பார்த்த அந்த ஒரு மணி நேரத்தில் நண்டும் வெட்டுக்கிளியும் ஒரு தவளையும் போயின, மீன் ஒன்றுதான். பொந்தின் அடி உதட்டில் இரண்டு சிறிய தடங்கள், சக்கரம் ஓடிய பாதை மாதிரி, பறவையின் கால்கள் போய் வந்து தேய்த்தவை. கீழே எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. இந்த இரண்டும் இருந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு. சிலந்திவலை மூடியிருந்தால் பழைய பொந்து.

எனக்கு இழப்பாக விழுந்த அந்த மண் முகம்தான் அதற்கு வீடாகியிருக்கிறது. செங்குத்தான, புல் முளைக்காத மண் முகத்தில்தான் அது பெரும்பாலும் குடையும். சரிவாக்கிப் புல் வளர்த்தால் கபரகொய்யா என்னும் நீர் உடும்பும் பாம்பும் சுலபமாக ஏறிவந்து முட்டையைத் தின்னும். ஒரு கரை முழுவதையும் "திருத்தி" விட்டால், அங்கே இருந்தவர்களுக்கு இடமில்லாமல் போகிறது. நூல் அளவும் இதற்கு இடம் கொடுத்தது. மேல்முனை 6 மீற்றரில் அரிப்பு குறைவு, வேகம் முட்டுவது அதற்குக் கீழே உள்ள 12 மீற்றரில். ஆகவே 12 மீற்றரை மட்டும் திருத்துவது, பொந்துள்ள 6 மீற்றரை அப்படியே விடுவது என்று தீர்மானித்தேன்.

வீட்டில் இதற்கு இலேசில் சம்மதம் கிடைக்கவில்லை. "குருவிக்காக வயலை விடுறதா?" என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. மாரிப் பயிரான பெரும்போகத்தில் ஒவ்வொரு அடி நிலமும் நெல். நான் நூல் அளவுக் கொப்பியைக் காட்டினேன். அம்மாதான் கடைசியில், "அதுவும் குஞ்சு வச்சிருக்குது. இந்த வருசம் விடு, பிறகு பாப்பம்" என்றார்.

மாடும் துறையும்

ஓடை பாதி அரித்தால், எருமைப் பட்டி மீதியை மிதிக்கிறது. பட்டிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்) மாலையில் நாற்பது உருப்படியை எங்கள் வளைவால்தான் தண்ணீருக்கு இறக்குவார். அவரிடம் போய், கதியால் நடப்போகிறேன், மாட்டை இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, மறிச்சுப்போட்டு எங்க தண்ணி காட்டச் சொல்றீங்க? எருமைக்குச் சேறு இல்லாட்டி அது சாகும்."

அவர் சொன்னது சரி. எருமை வெயிலில் உடம்பை ஆற்றுவதே தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்துதான். விலக்கச் சொல்லிவிட்டு வேறு வழி காட்டாதது என் பிழை. இருவருமாக நடந்து, வளைவுக்கு எதிரே கரை தாழ்ந்து தண்ணீர் மெல்ல ஓடும் பக்கத்தில் ஒரு இடம் பார்த்தோம். நாலு மீற்றர் அகலத்தில் கிறவல் போட்டு இறங்குதுறை ஒன்று அமைத்தோம். கிறவல் நான், சரிவை வெட்டியது காக்காவும் மகனும். ஒரு கிழமைக்குள் பட்டி தானாக அந்த வழி பிடித்தது. இந்த வேலை முழுவதிலும் கரைக்கு ஆகக் கூடுதல் நன்மை செய்தது எது என்று கேட்டால் அந்தத் துறையைத்தான் சொல்வேன்.

ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் 2024

சிறுபோகத் தண்ணீர் நின்று, மாரி இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில்தான் ஓடையின் அடியில் வேலை செய்யலாம். ஓடையும் கரை ஒதுக்கமும் அரச காணி, ஆகவே கிராம உத்தியோகத்தருக்கும் நீர்ப்பாசனப் பக்கத்துக்கும் முன்பே சொல்லியிருந்தோம். நீங்கள் செய்வதானாலும் அதுதான் முதல் வேலை.

இன்னொன்று. தண்ணீர் குறையும்போது சதுப்பு முதலை கரையைக் குடைந்து அதற்குள் கிடக்கும். இறங்குமுன் காலடித் தடமும் வால் இழுத்த கோடும் பார்த்தோம், ஒருவர் எப்போதும் மேலே காவல் நின்றார். வைக்கோல் குவியலைக் கையால் கிளறவில்லை, புடையன் பாம்பு இருக்கும். காலில் காயம் உள்ளவர்கள் சேற்றில் இறங்கவில்லை. எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரால்தான் வருகிறது. வயல் வேலைக்கு முன் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

முதலில் கால். திருத்தும் 12 மீற்றர் நீளத்துக்கும் தண்ணீர் விளிம்போடு ஒன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, இரண்டு கையால் தூக்கக்கூடிய கருங்கல்லைப் போட்டோம், மூன்று லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டி. சீமெந்து போடவில்லை. அடி அரிந்தால் தனிக்கல் சரிந்து அந்தக் குழியைத் தானே நிரப்பும், சீமெந்துக் கட்டு அந்தரத்தில் நின்று முறியும். கல்லுக்கு இடையில் நண்டுக்கும் கெளிற்றுக்கும் பொந்தும் கிடைக்கும்.

கல்லுக்குப் பின்னால் கதியால். ஆறடிப் பூவரசங்கம்புகள் 40, மணிக்கட்டுத் தடிப்பு. வெட்டி இரண்டு நாள் நிழலில் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம். அலவாங்கால் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும். நேரே அடித்தால் பட்டை உரிந்து, வேர் விடாமல் அழுகும். அடி எது நுனி எது என்று வெட்டும்போதே அடியைக் கூராக்கிவிட்டால் தலைகீழாக நடும் தவறு வராது. ஆறடியில் நாலடி மண்ணுக்குள். வெட்டுவாயில் சாணி அப்பினோம். கதியாலுக்குக் கதியால் ஒரு அடி இடைவெளி, நடுவில் நொச்சி வளாரைப் பாய் இழைப்பது போல முன்னும் பின்னுமாக விட்டு ஒரு முழ உயரத்துக்குப் படல். நொச்சியும் ஈரம் பட்டால் கணுவில் வேர் விடும். படலுக்குப் பின்னால், ஊறவைத்த பொச்சுமட்டையை (தேங்காய் மட்டையை) நார்ப்பக்கம் வெளியே தெரிய அடுக்கி, களியைப் போட்டு மிதித்தோம். பொச்சு நீரை வடியவிடும், மண்ணை விடாது. என் உரப்பைச் சுவர் செய்யத் தவறியது இதைத்தான்.

பிறகு சரிவு. ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒன்றரை மீற்றர் படுக்கும்படி ஐந்து பேர் மூன்று வார இறுதியில் வெட்டினோம். வரம்பு மூன்று மீற்றர் உள்ளே போனது. வெட்டிவேரைத் தண்ணீர்மட்டத்துக்கு இணையாக மூன்று வரிசை, ஒரு சாணுக்கு இரண்டு தூர் வீதம் வைத்தோம். வரிசை நேராக மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு இடம் தாழ்ந்தால் மழைநீர் அங்கே கூடி வாய்க்கால் வெட்டிவிடும். இடைவெளியில் வைக்கோல் பரப்பித் தும்புக் கயிற்றால் வலை போல இறுக்கினோம். கச்சான் என்னும் வரண்ட மேல்காற்று இன்னும் விடவில்லை. ஐந்து கிழமை, காலையும் மாலையும் வாளியால் தண்ணீர்.

தண்ணீர் விளிம்புக்குப் பன் என்னும் கோரைப் புல் வேண்டியிருந்தது. கீழே பாய் இழைக்கும் ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் பன் அறுக்கும் இடம் உண்டு, அவரிடம் கேட்டேன். கிழங்கோடு பத்துக் கொத்து தந்தார், ஒரு நிபந்தனையோடு: "வளந்தாப் பிறகு எனக்கு அறுக்கத் தரணும். வேரோட புடுங்குற ஆள்கள விடாதீங்க. மேலால அறுத்தா அது திரும்ப வரும்."

மருதங்கன்று 14 ஐ ஒக்டோபர் முதல் மழையோடு சரிவின் நடுப்பகுதியில் வைத்தோம்.

நவம்பர் 2024

நவம்பர் கடைசியில், பின்பு ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் எங்கள் கிழக்குக் கரையை ஒட்டி மேலே நகர்ந்தது. ஓடை மூன்றாவது வெட்டிவேர் வரிசையையும் தாண்டி ஏறியது. எனக்கு அந்த இரவுகளில் தூக்கமில்லை. எங்கள் பக்கத்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய யாருக்கும் நீர் ஏறும் சத்தம் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த விடியற்காலையை ஞாபகப்படுத்தாமல் விடாது. அம்மா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் வடிந்து நாலாம் நாள் வரை நான் கரைக்குக் கிட்டே போகவில்லை. போனபோது வெட்டிவேர் தலைவாரிவிட்ட மாதிரி ஓடைப்பக்கம் படுத்துக் கிடந்தது, அதன் கீழ் மண் அப்படியே. வரிசைகளுக்குப் பின்னால் இரண்டு விரல் தடிப்பில் புது வண்டல் தங்கியிருந்தது. முளை அளவில் திருத்திய பகுதியின் நடுவில் நூல் மாறவில்லை.

கெட்டது இரண்டு இடத்தில். மேலிருந்து மிதந்து வந்த ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மெத்தை மெத்தையாகக் கதியாலில் சிக்கி, வெள்ளத்தின் முழு இழுவையையும் கம்புகளுக்கு ஏற்றிவிட்டது. 40 இல் 9 பிடுங்குப்பட்டன. ஒக்டோபரிலேயே மேலே உள்ள வளைவுகளில் ஆற்றுவாழையை வாரி எடுத்திருக்க வேண்டும். மற்றது கீழ்முனை. கல்லும் படலும் முடியும் இடத்தை அப்படியே விட்டிருந்தேன். தண்ணீர் அந்த முனையைச் சுற்றிச் சுழன்று பின்னால் புகுந்து ஒன்றரை மீற்றர் குடைந்திருந்தது. மேல்முனையைக் கரைக்குள் மடக்கிப் புதைத்த நான் கீழ்முனையை மறந்துபோனேன். 2025 பெப்ரவரியில் கல்லை இரண்டு மீற்றர் கரைக்குள் வளைத்துப் புதைத்து, பின்னால் பொச்சும் களியும் இறுக்கி அதைச் சரிசெய்தோம்.

2025

பூவரசு 31 இல் 27 தளிர்த்துவிட்டது. மருதங்கன்று ஐந்தை மாடு தின்றது. ஒன்பது நிற்கிறது, ஆகப் பெரியது என் தோளளவு. பன் தண்ணீர் விளிம்பில் மூன்று மீற்றருக்குப் பிடித்துக்கொண்டது, ஜூலையில் ராத்தா வந்து முதல் கட்டு அறுத்துப் போனார். பன் தாளில் தும்பிகள் உரித்துவிட்டுப் போன தோல்கள் காய்ந்து ஒட்டியிருந்தன, முதுகு பிளந்து, கால்கள் இன்னும் தாளைப் பிடித்தபடி. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த இடத்தில் வெறும் மணல் மூட்டை.

மே மாதம் ஒரு காலை, அடிக்கல் ஒன்றின் தலையில் கறுப்பாக ஈரமாக ஒரு எச்சம். குச்சியால் பிரித்தேன். நண்டு ஓட்டுத் துண்டுகள், மீன் செதில்கள், கடும் மீன் வாடை. நீர்நாய். இரவில் நடமாடுவதால் இதுவரை கண்ணால் காணவில்லை. ஆனால் அதே கல்லில் அதன் பிறகும் இரண்டு முறை எச்சம் கிடந்தது. தன் எல்லையைச் சொல்ல அது ஒரே இடத்துக்குத் திரும்பி வரும்.

மீன்கொத்தி திரும்பி வந்தது. பழைய பொந்து வெள்ளத்தோடு போய்விட்டது, அது இருந்த மண் பலகையே இல்லை. பெப்ரவரியில் சோடி இரண்டும் புதிதாக விழுந்த முகத்துக்கு நேரே பறந்து, அலகால் குத்திவிட்டு விலகி, மறுபடி பறந்து குத்தின. உட்காரப் பிடி இல்லாத சுவரில் முதல் குழியை அப்படித்தான் தோண்ட முடியும். மூன்றாம் நாள் ஒன்று உள்ளே நின்று காலால் மண்ணை வெளியே தள்ளியது. சித்தப்பாவும் என்னோடு எதிர்க்கரையில் இருந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "முந்தி இதெல்லாம் நிறைய இருந்தது. நாங்க பாக்கேல்ல" என்றார்.

அந்த 6 மீற்றர் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாரியில் 70 சென்ரிமீற்றர் போனது, முளை இரண்டும் விழும் தறுவாயில் நிற்கின்றன. திருத்திய பகுதிக்கும் அதற்கும் இடையில் புதைத்த கல் பிடித்திருப்பதால் அரிப்பு கீழே பரவவில்லை. ஆனாலும் வரம்புக்கு எட்ட இன்னும் இரண்டு மூன்று மாரிதான். மச்சானோடு மறுபடி கதைத்தேன். இந்தச் செப்டெம்பரில் அறுவடை முடிந்ததும் அந்த ஆறு மீற்றருக்கும் வரம்பை இரண்டு மீற்றர் உள்ளே தள்ளிக் கட்டுகிறோம். புது வரம்போடு ஒரு வரிசை வெட்டிவேர் வைக்க 50 பை தயாராக இருக்கிறது. நேற்று அவனே வந்து, புது முளை இரண்டையும் வரம்பின் உட்பக்கம் அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.